ஆபரேஷனுக்கு உண்டு, மாத்திரைக்கு இல்லை

சித்தூரில் அரசு மருத்துவமனைக்குப் போகிற வழியில் எங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. அப்பா காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். இப்போது ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். வருகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கையில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ஆதார், ரைஸ் கார்டு, என்றைக்கோ எடுத்த ஸ்கேன், மடிப்பில் கிழிந்துபோன மருந்துச் சீட்டு. "எது வேணுமோ நீயே எடுத்துக்கோ நைனா" என்று பையோடு நீட்டிவிடுவார்கள். அரசாங்கக் காப்பீடு இவருக்கு எந்த இடம்வரை துணைக்கு வரும், எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போகும் என்பதை அந்தப் பையிலுள்ள காகிதங்களை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

துணைக்கு வருவதை முதலில் சொல்லிவிட வேண்டும். குறை சொல்லியே பழகிவிட்ட நமக்கு அது மறந்துபோகிறது. 2007 ஏப்ரல் 1-ஆம் தேதி, ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ஆந்திர முதல்வராக இருந்தபோது, அனந்தபூர், மகபூப்நகர், ஸ்ரீகாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களில் ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை. அதற்கு முன் இந்தப் பக்கத்து ஏழை வீட்டில் ஒருவருக்கு இதய அடைப்பு என்றால் நிலத்தை விற்பார்கள், இல்லையேல் ஆளை இழப்பார்கள். இன்றைக்குக் கூலி வேலை செய்தவர்கூட திருப்பதி ஸ்விம்ஸில் பைபாஸ் செய்துகொண்டு ஊர் திரும்புகிறார். ஆட்சி மாறும்போதெல்லாம் திட்டத்தின் பலகையும் மாறும். என்.டி.ஆர். வைத்திய சேவை ஆயிற்று, ஒய்.எஸ்.ஆர். ஆரோக்கியஸ்ரீ ஆயிற்று, 2024-லிருந்து மறுபடி டாக்டர் என்.டி.ஆர். வைத்திய சேவை. மக்கள் வாயில் என்றைக்கும் ஆரோக்கியஸ்ரீதான். 2019-ல் 1,059 ஆக இருந்த சிகிச்சைகளின் எண்ணிக்கை 3,257 வரை ஏறியது. 2023 டிசம்பரில் உச்சவரம்பு 25 லட்சம் ரூபாய் ஆனது. இந்தியாவில் வேறு பல மாநிலங்கள் எட்டாத தொகை இது.

ஆனால் 25 லட்சம் என்ற எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. அந்தத் தொகை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தால்தான் திறக்கும். வயதானவர்களின் நோயோ பெரும்பாலும் கட்டிலில் படுக்காத நோய்.

எங்கள் தெருவில் ஒரு டெய்லர் இருக்கிறார், எழுபதை நெருங்குகிறவர். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள். அறுவை சிகிச்சை, உள்ளே வைத்த பிளேட், சாப்பாடு, எல்லாம் அட்டையில் முடிந்தது. ஆரோக்கியஸ்ரீ பேக்கேஜில் வீடு திரும்பிய பிறகு பத்து நாள் மருந்தும் சேர்த்தி. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தில் இது பதினைந்து நாள். சரி, அதற்கு மறுநாள்? பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வர ஒரு தடவைக்கு 400 ரூபாய் கேட்டார். வாக்கர் வாங்கினார்கள். இரவுக்கு டயப்பர். சுண்ணாம்புச் சத்து மாத்திரை, வலி மாத்திரை, ஏற்கெனவே இருந்த சர்க்கரை மாத்திரை. மருமகள் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள். அந்தச் சம்பளம் போனதை எந்தக் கணக்கில் எழுதுவது? பிசியோதெரபியை மூன்றாவது வாரத்தோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது நடக்கிறார், ஆனால் கால் இழுக்கிறது. தையல் மிஷின் பெடலை மிதிக்க முடியவில்லை. பெரிய செலவை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அந்தச் செலவின் பலன் முழுசாகக் கிடைப்பதற்கு வேண்டிய சில ஆயிரம் ரூபாய்தான் இல்லாமல் போயிற்று.

சில சிகிச்சைகளுக்கு, உதாரணமாக இதயம், சிறுநீரகம், மூளை சம்பந்தப்பட்டவற்றில் குறிப்பிட்ட சிலவற்றுக்கு, ஓராண்டு வரை தொடர் மருந்து தருகிற பேக்கேஜ் ஆரோக்கியஸ்ரீயில் உண்டு. இது பலருக்குத் தெரியாது. மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருக்கும் திட்ட உதவியாளரான ஆரோக்கிய மித்ராவிடம் வாய்திறந்து கேட்டால்தான் தெரியும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கும்போதே "ஃபாலோ-அப் பேக்கேஜ் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள்.

இனி மாத்திரைக்கு வருவோம். கட்டமஞ்சியிலிருந்து ஓர் அவ்வா மாதா மாதம் வருவார். பென்ஷன் வாங்கிய கையோடு எதிரேயுள்ள மெடிக்கலுக்குப் போய்விட்டு, என் கடை பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போவது வழக்கம். ஆந்திராவில் முதியோர் பென்ஷன் 2024 ஜூலையிலிருந்து மாதம் 4,000 ரூபாய். ஒன்றாம் தேதி வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். அவ்வாவுக்குச் சர்க்கரை, பி.பி., தைராய்டு, கண்ணில் பிரஷர். போன மாதத்துப் பில்லை வாங்கிப் பார்த்தேன், 2,310 ரூபாய்.

"பி.எச்.சி.யில சும்மா குடுக்கிறாங்களே அவ்வா, அங்க வாங்கக் கூடாதா?"

"குடுக்கறாங்க சாமி. அது வேற கலரு. டாக்டரு எழுதினது இது. மாத்திச் சாப்பிட்டா தலை சுத்துது."

அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெட்ஃபார்மின், அம்லோடிபின் போன்ற அடிப்படை மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2023 ஏப்ரலில் தொடங்கிய ஃபேமிலி டாக்டர் திட்டத்தில் 104 வண்டியோடு டாக்டரே கிராமத்துக்கு வரவும் செய்தார். ஆனால் தனியார் டாக்டர் எழுதுவது இரண்டு மூன்று மருந்து சேர்ந்த காம்பினேஷன் மாத்திரை. அது அரசுப் பட்டியலில் இருக்காது. அதே மருந்துகளைத் தனித்தனியாக வாங்கிச் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேட்கும் தைரியம் அவ்வாவுக்கு இல்லை. கேட்டுச் சொல்ல உடன் ஆளும் இல்லை. ஜன் ஔஷதி கடையில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் போகிறேன் என்றிருக்கிறார்.

இது ஓர் அவ்வாவின் கதை மட்டும் என்றால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். லாசி என்று ஒரு பெரிய தேசிய ஆய்வு, 2017-18-ல் வீடு வீடாகப் போய் எடுத்தது. அறுபது கடந்த இந்தியர்களில் நான்கில் மூன்று பேருக்கு ஏதாவது ஒரு நீடித்த நோய் இருப்பதாக அது சொல்கிறது. முதியவர்களில் மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள் ஏறத்தாழ 18 சதவீதம்தான் என்று நிதி ஆயோக் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை சொல்லிற்று. நாடு முழுவதும் மருத்துவத்துக்காகச் செலவாகும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 39 ரூபாய்க்கு மேல் மக்கள் தங்கள் பையிலிருந்து கொடுப்பது என்பது 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கு. ஆரோக்கியஸ்ரீ, ஆயுஷ்மான் இரண்டுமே சாதாரண வெளிநோயாளி சிகிச்சையைத் தொடுவதில்லை. டாக்டர் பீஸ், ரத்தப் பரிசோதனை, மாதாந்திர மருந்து மூன்றும் வெளியே. மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டு மிச்சம் பிடிக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பக்கவாதம் வந்தால் அட்டை வேலை செய்யும். இந்த வேடிக்கை எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

அடுத்தது காகிதம் போடுகிற வேலி. இது என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிரீம்ஸ்பேட்டையில் ஒரு தம்பதி. அவருக்கு 66, அந்த அம்மாவுக்கு 62. மகன் பெங்களூரில் ஐ.டி. வேலை. மாதம் ஏதோ அனுப்புகிறான், வீட்டுக் கடனும் கட்டுகிறான். அரசாங்கக் கம்ப்யூட்டரில் மூவரும் ஒரே குடும்பம். ஆரோக்கியஸ்ரீக்கு ஆண்டு வருமான வரம்பு 5 லட்சம். மகன் அதைத் தாண்டி வருமான வரி கட்டுகிறான், எனவே பெற்றோருக்கும் அட்டை இல்லை. மகனுடைய கம்பெனி இன்ஷூரன்ஸில் மனைவி, குழந்தைகள் மட்டும். "நாங்க தனியாத்தான் சமைச்சுச் சாப்பிடறோம்" என்று வார்டு அலுவலகமான சச்சிவாலயத்தில் சொல்லிப் பார்த்தார்கள். யார் யார் ஒரே குடும்பம் என்று பதிந்துவைக்கும் ஹவுஸ்ஹோல்டு மேப்பிங் என்று ஒன்று இருக்கிறது. சேர்ப்பது சுலபம், பிரிப்பது பெரும்பாடு. ஒரே குடும்பமாகப் பதிவானவர்கள் ஒரே பணத்தில் வாழ்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் நம்புகிறது. மகன் சம்பளத்துக்கும் அப்பாவின் மருந்துச் சீட்டுக்கும் நடுவே மருமகள், பேரன் பள்ளிக்கூட பீஸ், இ.எம்.ஐ. எல்லாம் இருப்பது அதற்குத் தெரியாது.

எல்லாக் குடும்பங்களையும் வருமானம் பாராமல் சேர்க்கும் திட்டத்துக்கு 2025 செப்டம்பரில் மாநில அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. முதல் 2.5 லட்சம் ரூபாய் வரை காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். அதற்கு மேல் ஏழைக் குடும்பங்களுக்கு 25 லட்சம் வரை திட்டத்தை நடத்தும் அரசு டிரஸ்ட் பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. கிரீம்ஸ்பேட்டை தம்பதிக்கு இது நல்ல சேதிதான். ஆனால் இதிலும் கட்டில் உண்டு, மாத்திரைச் சீட்டு இல்லை.

எழுபது ஆகிவிட்டால் மத்திய அரசின் கதவு ஒன்று திறக்கிறது. 2024 செப்டம்பர் 11 அன்று மத்திய அமைச்சரவை முடிவெடுத்து, அக்டோபர் 29 அன்று பிரதமர் தொடங்கிவைத்தது ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை. எழுபது நிறைந்த யாருக்கும், பணக்காரராக இருந்தாலும், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஏற்கெனவே ஆயுஷ்மான் குடும்பத்தில் இருக்கிற முதியவருக்கு இது தனியாக, கூடுதலாக. பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. கணவன் மனைவி இருவருமே எழுபது கடந்திருந்தால் 5 லட்சம் இருவருக்கும் பொது. ஆவணம் ஆதார் ஒன்றே போதும்.

அந்த ஆதார்தான் சிக்கலே. என் ஸ்கேனர் வழியாகப் போகும் முதியவர்களின் ஆதார்களில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருப்பவை எவ்வளவோ. இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் யார் தேதி எழுதி வைத்தார்கள்? ஆதார் முகாமில் பையன் முகத்தைப் பார்த்து ஒரு வருடத்தைத் தட்டியிருப்பான். குடிபாலாவிலிருந்து வந்த ஒரு தாத்தா, காமராஜர் முதலமைச்சராக ஆன வருடம் தனக்கு மூன்று வயது என்று வீட்டில் சொல்வார்கள் என்றார். காமராஜர் முதல்வரானது 1954 ஏப்ரல். அப்படியானால் எழுபதைத் தாண்டிவிட்டார். அவருடைய ஆதாரிலோ 01-01-1959. நிஜத்தில் தகுதி உள்ளவர், காகிதத்தில் இன்னும் சில வருடம் காத்திருக்க வேண்டியவர். பிறந்த தேதியை ஆதாரில் ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள், அதற்கும் பிறப்புச் சான்று போன்ற ஆதாரம் வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவர் எதைக் காட்டுவார்? சிலருக்கு இன்னொரு தொல்லை: ரேகை தேய்ந்து மிஷினில் விழாது. முகத்தை, கண்ணை வைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதைச் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

எங்கள் ஊருக்கென்றே இன்னொரு சங்கடம் உண்டு, மாநில எல்லை. சித்தூர் 1911-ல் மாவட்டமானது, வட ஆற்காட்டிலிருந்து பிரித்த பகுதிகளையும் சேர்த்து. 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திரப் பக்கம் நின்றுவிட்டோம். கோடு மாறியதே தவிர, உடம்புக்கு முடியாவிட்டால் வேலூர் சி.எம்.சி.க்குப் போகும் பழக்கம் மாறவில்லை. தமிழில் நோயைச் சொல்லலாம், காட்பாடியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கலாம், ஒரு மணி நேரப் பயணம். ஆனால் மாநிலத் திட்ட அட்டை வெளிமாநிலத்தில் எல்லா மருத்துவமனையிலும் எல்லாச் சிகிச்சைக்கும் செல்லாது. எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு என்று முன்கூட்டி 104 உதவி எண்ணில் விசாரித்துக்கொள்ளாமல் போனால் ரொக்கம் எடுத்து வைக்க வேண்டியதுதான். பேருந்திலும் இதே கதை. 2025 ஆகஸ்ட் 15-லிருந்து ஆந்திர அரசுப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். திருப்பதிக்கு அவ்வா சும்மா போய்வரலாம், வேலூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். ரயிலில் போகலாம் என்றால், முதியோருக்கு இருந்த சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியவர்கள் திரும்பத் தரவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல காரியம் நடக்கிறது. எங்கள் குப்பத்தை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சாமனப்பள்ளி கிராமத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பி.பி., சர்க்கரை மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார். நடக்க முடியாதவர்களுக்கு பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. எங்கள் டெய்லர் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்திருந்தால் இன்று மிஷினை மிதித்துக்கொண்டிருப்பாரோ என்னவோ. தமிழ்நாட்டிலும் குறை இல்லாமல் இல்லை. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கு அங்கே வருமான வரம்பு ஆண்டுக்கு 1.20 லட்சம் ரூபாய்தான், எங்கள் வரம்பு பெரிது. அவர்களுடைய மாத்திரையும் எங்களுடைய வரம்பும் ஒரே ஊரில் கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்.

காது மெஷின், பல் செட், கண்ணாடி, இவையெல்லாம் காப்பீட்டுக்குச் சிகிச்சையே அல்ல. இந்த விஷயத்தில் பணக்கார நாடுகளும் பெரிதாக மெச்சும்படி இல்லை. அமெரிக்காவில் முதியோருக்காக 1965-ல் சட்டமான மெடிகேரில் இன்றும் வழக்கமான பல் சிகிச்சையும் காது மெஷினும் சேர்த்தி இல்லை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதையும் காப்பீட்டுக்குள் கொண்டுவந்த நாடு என்று ஜப்பானைச் சொல்லலாம், 2000-ஆம் ஆண்டிலிருந்து. நம் பக்கம் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்று ஒன்று 2017 ஏப்ரல் 1 அன்று நெல்லூரில்தான் தொடங்கியது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியவருக்குக் காது மெஷின், பல் செட், கண்ணாடி, ஊன்றுகோல், சக்கர நாற்காலி இலவசம். முகாம் போடும்போதுதான் கிடைக்கும். முகாம் எப்போது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தனியாரில் பாலிசி எடுக்கலாமே என்பார்கள். 65 வயதுக்கு மேல் புதிதாக எடுக்க முடியாது என்ற தடையைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஏப்ரலில் நீக்கியது. முதியோர் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் தன்னிச்சையாக ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் கட்டுப்பாடு போட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. நடுத்தரக் குடும்பத்துக்கு இவை உதவும். நாலாயிரம் பென்ஷன்காரருக்கு இந்தப் பேச்சே வேறு உலகம். பழைய நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். 72 வயதுக்காரரிடம் மூன்று வருடம் பொறு என்பது நியாயமான ஒப்பந்தமாக எனக்குப் படவில்லை.

அட்டை இருந்தும் கை விரிக்கிற சமயங்கள் உண்டு. அரசு தரவேண்டிய நிலுவை சேர்ந்துவிட்டது என்று தனியார் நெட்வொர்க் மருத்துவமனைகள் ஆரோக்கியஸ்ரீ சேவையை நிறுத்திவைப்பது 2024, 2025 இரண்டு வருடங்களிலும் செய்தியானது. அந்த நாட்களில் திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையிலும் ஸ்விம்ஸிலும்தான் கூட்டம் மொத்தமும் நிற்கும். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒரு தனியார் மருத்துவமனையில் "அட்டையில் சாதா இம்பிளான்ட்தான், நல்லது வேண்டுமென்றால் 40,000 கட்டுங்கள்" என்றார்கள். கட்டினார்கள், ரசீது தரவில்லை. திட்டத்தில் சேர்ந்த நோயாளியிடம் இப்படி வாங்குவது விதிக்கு விரோதம். கேட்டால் 104-லோ, ஆயுஷ்மான் அட்டையானால் 14555-லோ புகார் சொல்லலாம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும் மகனுக்குப் புகார் சொல்லும் தெம்பு எங்கிருந்து வரும் என்பது வேறு விஷயம்.

ஆரோக்கியஸ்ரீயை வளர்த்தவர்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான். 25 லட்சம் தேவைப்படுகிறவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம். மாதம் 2,000 ரூபாய் மாத்திரைக்குத் தவிக்கிறவர் தெருவுக்குப் பத்துப் பேர். அறுபது கடந்தவர்களுக்கு மாதாந்திர மருந்தையும், ஆண்டுக்கு இரண்டு முறை ரத்தப் பரிசோதனையையும், அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாத பிசியோதெரபியையும் திட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். மாத்திரை ஒழுங்காகப் போனால் பைபாஸும் டயாலிசிஸும் குறையும், அரசுக்கும் மிச்சம்தான்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது இருக்கிறது. வீட்டில் பெரியவர்களின் ஆதாரை எடுத்துப் பிறந்த தேதியைப் பாருங்கள். திருத்த வழி இருந்தால் நோய் வருமுன் திருத்துங்கள். எழுபது ஆனவருக்கு ஆயுஷ்மான் செயலியிலோ பொதுச் சேவை மையத்திலோ வய வந்தனா அட்டைக்குப் பதிவு செய்து, எந்த மருத்துவமனையில் செல்லும் என்று 14555-ல் கேட்டுக் குறித்துவையுங்கள். டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது நீங்களும் உடன் போய், இதே மருந்து ஜெனரிக்கில் எழுத முடியுமா என்று கேளுங்கள். அட்டைக்கு அரசாங்கக் கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.